கூண்டு தந்த ஆயுள்

ஓர் உயிரின் ஆயுளை நீட்டியவன், அந்த நீட்சியில் அதற்கு வந்து சேரும் துன்பத்திற்கும் பொறுப்பாளி ஆகின்றானா? கேள்வி பெரிது. அரசுகளையும் மருத்துவமனைகளையும் முன்னிறுத்தி இதனைக் கேட்டால், விடை வாதங்களின் புழுதியில் மறைந்துபோகும். ஆகவே, வாதாடத் தெரியாத சிறியதோர் உயிரை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். வீட்டுக் கூண்டில் வளரும் பெண் முயலே அது.

தொடங்குமுன் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். நம் புதர்க்காடுகளிலும் கரம்பு நிலங்களிலும் துள்ளியோடும் முயல் வேறு. கூண்டில் வளர்க்கப்படும் முயல் வேறு. நம்முடையது வளை தோண்டாதது. குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கின்றன. கூண்டு முயலோ ஐபீரியத் தீபகற்பத்தையும் தென் பிரான்சையும் தாயகமாகக் கொண்ட குழிமுயல்; அதன் குட்டிகள் குருடாகவும் மயிரின்றியும் வளைக்குள் பிறப்பவை. தமிழ் இரண்டையும் ஒரு சொல்லாலேயே அழைப்பதால், ஒன்றுக்கு உரியதை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பேசும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கு நாம் பேசப்போவது குழிமுயலைப் பற்றி மட்டுமே.

இக்குழிமுயலின் பெண்ணுக்கு ஒரு தனி இயல்பு அமைந்திருக்கிறது. பல விலங்குகளில் உரிய காலம் வந்ததும் சூலகத்திலிருந்து முட்டை தானே வெளிப்படும். முயலில் அவ்வாறன்று. ஆணோடு சேர்ந்த பின்னரே, ஏறக்குறைய 10 முதல் 13 மணி நேரத்திற்குள், முட்டை வெளியேறுகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டர் ஹீப் 1905இல் இதனை ஆராய்ந்து எழுதினார். சேர்க்கை நிகழும்வரை சூலகத்தில் முட்டையைச் சுமக்கும் சிறு கொப்புளங்கள் அலையலையாகத் தோன்றி, முதிர்ந்து, பயனின்றி வாடி, மீண்டும் தோன்றிக்கொண்டிருக்கும். அவை சுரப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். கருப்பைச் சுவரை வளரத் தூண்டுவது அதன் வேலை. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத் திரட்சி ஒன்று உண்டாகி, புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோனைச் சுரக்கும். அது அச்சுவரைக் கருவைத் தாங்கத் தக்கதாக மாற்றும். காட்டில் வாழும் பெண் முயலின் இனப்பெருக்கப் பருவம் இவ்விரண்டின் மாறி மாறி வரும் ஆட்சியிலேயே கழிந்துவிடுகிறது. ஒரு மாதச் சூல், ஈற்று, மீண்டும் சூல் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டமும் நெடுநாள் நீடிப்பதில்லை. நரி, பருந்து, பசி, நோய் ஆகியவற்றுக்குத் தப்பி ஓராண்டை எட்டுவனவே சிலதாம்.

கூண்டு இக்கணக்கை மாற்றிவிட்டது. நரி வருவதில்லை; தீவனம் தவறுவதில்லை; நன்கு பேணப்பட்ட முயல் எட்டு, பத்து ஆண்டுகள்கூட வாழ்கிறது. துணையற்று வைக்கப்பட்ட பெண்ணின் உடலிலோ ஈஸ்ட்ரோஜன் அலைகள் மட்டும் வந்து வந்து மடிகின்றன. சில வேளைகளில் சேர்க்கை இல்லாமலே, மற்றொரு பெண் முயல் மேலேறிய தூண்டுதல் மாத்திரத்தில், முட்டை வெளியேறிப் பொய்ச்சூல் உண்டாகும். பதினாறு, பதினேழு நாட்கள் கழித்து அந்த முயல் தன் மார்பு மயிரைத் தன் வாயாலேயே பிடுங்கி, வைக்கோலோடு சேர்த்துக் கூடமைக்கும். அக்கூட்டுக்குள் குட்டி இராது. இதனைக் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

இந்த நீண்ட ஆயுளின் மறுபக்கத்தை முதலில் விரிவாகக் கண்டவர்கள், முயலைப் பற்றி அறிய வேண்டும் என்று எண்ணியே ஆராய்ந்தவர்கள் அல்லர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் பல இன முயல்கள் ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்டு வந்தன. அவற்றுள் வயது முதிர்ந்த பெண் முயல்களின் கருப்பையில் கட்டிகள் தோன்றுவதை ஹாரி கிரீன் என்பவர் 1938 முதல் தொடர்ந்து எழுதினார். முயலுக்குக் கருப்பை இரண்டு கிளைகளாக, ஒவ்வொன்றும் தனி வாயுடன் அமைந்திருக்கும். கட்டிகள் அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒருங்கே முளைக்கக்கூடும். மெல்ல வளர்ந்து, மாதங்கள் பல கழித்து நுரையீரலுக்குப் பரவும். அக்கட்டிகளின் துண்டுகளைக் கிரீன் வேறு விலங்குகளின் கண்ணறைக்குள் பதித்து அவை வளர்வதையும் பார்த்தார். பின்னர், பிலடெல்பியாவின் ஃபிப்ஸ் நிலையத்தில் காசநோய் ஆராய்ச்சிக்காக மாக்ஸ் லூரி என்னும் அறிஞர் பரம்பரை பரம்பரையாக வளர்த்த முயல்களைக் கணக்கெடுத்து, 1964இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இரண்டு, மூன்று வயதில் நூற்றுக்கு நான்கு அளவில் இருந்த கருப்பைப் புற்றுநோய், ஐந்து, ஆறு வயதை எட்டியவற்றில் நூற்றுக்கு எண்பதை ஒட்டி உயர்ந்திருந்தது.

அந்த 'எண்பது'தான் இன்று உலகெங்கும் முயல் வளர்ப்போர் நாவில் உலவுகிறது. 'பெண் முயலா? நூற்றுக்கு எண்பதுக்குப் புற்றுநோய் வரும்; உடனே கருப்பையை எடுத்துவிடு' என்கிறார்கள். இங்கே சற்று நிற்க வேண்டும். அவை உறவுக்குள்ளேயே இனம் பெருக்கப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்து முயல்கள். எண்ணிக்கையோ ஐந்து, ஆறு ஆண்டு வாழ்ந்தவற்றைப் பற்றியது மட்டுமே. இனத்துக்கு இனம் இந்நோயின் அளவு வேறுபடும் என்பதும் தெரிந்ததே. இங்கிலாந்தில் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2013இல் அந்நாட்டு மருத்துவர்களிடம் பதிவாகியிருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்பு முயல்களைப் பற்றியது. அவற்றில் இறந்தவற்றின் நடு வயது 4.3 ஆண்டுகள். மிகுதியாகச் சொல்லப்பட்ட காரணம் ஈ முட்டையிட்டுப் புழுத்துப்போதல். அஃதாவது, புற்றுநோய் வரக்கூடிய வயதை எட்டுமுன்னே, கூண்டைச் சுத்தமாக வைத்திராத காரணத்தால் பல முயல்கள் மடிகின்றன. கருப்பையைப் பற்றிக் கவலைப்படும் வளர்ப்பாளர் முதலில் கூண்டின் தரையைப் பார்க்கட்டும்.

இங்கு ஓர் அறக் கேள்வி எழுகின்றது. 'எண்பது என்று சொன்னால்தான் மக்கள் அஞ்சிச் சிகிச்சை செய்விக்கிறார்கள். சிகிச்சையால் முயலுக்கு நன்மையே. ஆகவே எண் சற்றுப் பெருத்திருந்தால் என்ன?' என்று வாதிப்போர் இருக்கின்றனர். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார் இவ்வுலகில் எக்காலத்தும் உண்டு. இவர்களோ நல்லெண்ணத்தோடு ஒரு காலைக் கூட்டிச் சொல்கிறார்கள். நாம் இதனை ஏற்கவில்லை. வயிற்றைக் கீறுவதற்கு ஒருவரின் ஒப்புதலைப் பெறும்போது, அவ்வொப்புதல் எதன்மேல் நிற்கிறதோ அது மெய்யாக இருக்க வேண்டும். மிகைப்படுத்தாமலே நிற்கக்கூடிய அளவுக்கு இவ்விடத்து உண்மை வலியது. ஆய்வுக்கூடம் கடந்து, வீட்டு முயல்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்களின் பதிவுகளிலும், வயது முதிர்ந்த பெண் முயல்களில் மிகுதியாகத் தென்படும் கட்டி கருப்பைப் புற்றுநோயே. எண் எதுவாயினும், வயது ஏற ஏற இடர் ஏறுகிறது என்பதில் ஐயம் இல்லை.

'ஈன்றுவிட்டால் நோய் வராது' என்னும் நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஹார்மோனின் கதையைப் பாதி கேட்டவர்களுக்கு இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பிரின்ஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் இருந்தவை இனம் பெருக்கிய கூட்டங்கள். ஈன்றவற்றுக்கும் நோய் வந்தது, ஈனாதவற்றுக்கும் வந்தது. கட்டி வெளிப்படுவதற்கு முன்பே சூல் தரிப்பது குறைதல், குட்டிகள் இறந்து பிறத்தல் போன்ற மாற்றங்கள் சிலவற்றில் காணப்பட்டன. கட்டிகளை நுணுகிப் பார்த்த பிற்கால ஆய்வுகள், சில கட்டிகளில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதம் உண்டு, சிலவற்றில் இல்லை என்று கண்டன. ஆகவே எல்லாப் பழியையும் ஒரு ஹார்மோனின் தலையில் சுமத்துவதற்கில்லை. முதற்காரணம் வயது, அவ்வயதைத் தந்தது கூண்டு.

மனிதர்களாகிய நமக்கு இந்தக் கருப்பையோடு பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதனைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மையன்று. தாயின் வயிற்றிலிருந்து எடுத்த கருவை மற்றொரு தாயின் வயிற்றில் வைத்து வளர்க்க முடியும் என்று ஹீப் 1890இல் காட்டியது முயலைக் கொண்டே. ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் 1929இல், சூல் கொண்ட முயலின் சூலகத்தை அகற்றி, அந்த மஞ்சள் திரட்சியின் சாற்றைச் செலுத்தினால் கருக்கள் பிழைக்கின்றன என்று கண்டனர்; புரோஜெஸ்டிரோன் நமக்குக் கிடைத்த வழி அது. 1931இல் பென்சில்வேனியாவில் மாரிஸ் ஃப்ரீட்மன் வகுத்த சோதனையில், பெண்ணின் சிறுநீரை முயலின் இரத்தக் குழாயில் ஏற்றி, இரண்டு நாள் கழித்து அதன் சூலகத்தைத் திறந்து பார்த்துப் பெண் கருவுற்றிருக்கிறாளா என்று சொன்னார்கள். விடை 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் முயலின் வயிறு அறுபட்டது. கருத்தடை மாத்திரைக்கு வழிகாட்டிய ஆரம்பச் சோதனைகளும் முயலின்மேல் நடந்தவையே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துவந்தால் கருப்பைப் புற்றுநோய் மிகுகிறது என்று 1975இல் அமெரிக்க ஆய்வுகள் எச்சரித்தபோது, அதற்கு மாற்றாக உடன் சேர்க்கப்பட்டது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. நம் வீட்டுப் பெண்கள் பலரின் உடல்நலம், பெயர் தெரியாத எத்தனையோ பெண் முயல்களின் வயிற்றின்மேல் எழுப்பப்பட்டது. கடன் பட்டவன் கடன் கொடுத்தவனின் நோயைப் பற்றி 'அது இயற்கை' என்று சொல்லிவிட்டு நகர்வது அழகாகுமா?

இனி, நம்மிடம் வரும் மறுப்பைப் பார்ப்போம். முயல் வளர்க்கும் அன்பர் ஒருவர் கேட்டார்: 'நோயே இல்லாத உயிரின் வயிற்றைக் கீறி, இறைவன் வைத்த உறுப்பை எடுத்தெறிவது கொடுமையல்லவா? வருவது வரட்டும் என்று இயற்கைக்கு விட்டுவிடுவதுதானே முறை?' இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. சோம்பலால் கேட்கப்படும்போதும் இதன் உள்ளே ஒரு தூய்மையான அச்சம் இருக்கிறது. பிற உயிரின் உடலைத் தன் விருப்பப்படி வெட்டித் திருத்தும் கை, எங்கே நிற்பது என்று அறியாமல் போய்விடும் என்னும் அச்சம் அது.

ஆயினும் 'இயற்கை' என்னும் சொல் இவ்விடத்தில் எதைக் குறிக்கிறது? காட்டில் அந்த முயல் ஐந்து வயதைக் கண்டிருக்காது. நோயைத் தரும் வயதை நாம் கொடுத்தோம். இடத்தை நாம் கொடுத்தோம். துணையை நாம் விலக்கினோம். இவ்வளவையும் நம் கையால் செய்துவிட்டு, இறுதிக் கட்டத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. தாய்மையைப் பறிக்கிறோமே என்று கலங்குவோருக்கும் இதையே சொல்வோம். அதனைப் பறித்தது மருத்துவரின் கத்தியன்று. ஒற்றையாய்க் கூண்டில் அடைத்த நாளிலேயே அது பறிபோயிற்று. குட்டியில்லாத கூட்டுக்காக மயிரைப் பிடுங்கும் அந்த முயலிடம் கத்தி எதை எடுத்துக்கொள்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

'அப்படியானால் நோய் வரக்கூடிய எல்லா உறுப்பையும் வெட்டிவிடலாமே' என்பது அடுத்த மறுப்பு. கூடாது. இடர் பெரிதாக இருத்தல், பின்னால் அறிந்தால் மீட்பது அரிதாக இருத்தல், உறுப்பை இழந்தபின் அவ்வுயிரின் வாழ்வு குறைவுபடாதிருத்தல் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில்தான் இவ்வாதம் நிற்கும். பெண் முயலில் மூன்றும் கூடுகின்றன. பரம்பரையாகப் புற்றுநோய் வரும் குடும்பத்தில் பிறந்த பெண்கள் சிலர், நோய் தொடங்குமுன்னே சூலகத்தையோ மார்பகத்தையோ அகற்றிக்கொள்கின்றனர். அங்கே தீர்மானிப்பவளும் படுப்பவளும் ஒருத்தியே. முயலிடத்தில் தீர்மானிப்பது ஒருவர், படுப்பது மற்றொன்று. இவ்விரிசலை எந்த வாதத்தாலும் மூடிவிட முடியாது. மூட முடியாது என்பதாலேயே தீர்மானிப்பவர் தம் உள்ளத்தை இருமுறை சோதிக்க வேண்டியவராகிறார்.

ஏனெனில் நோக்கங்கள் கலந்தே வருகின்றன. கருப்பையும் சூலகமும் அகற்றப்பட்ட முயல் கடிப்பது குறையும். ஆணோடு சேர்த்து வைக்கலாம், குட்டி பெருகாது. இவை வளர்ப்பவருக்கு வசதி. வசதி கலந்தது என்பதால் நற்செயல் தீச்செயல் ஆகிவிடாது என்பதே நம் கருத்து. ஆனால் ஓர் உரைகல் உண்டு: அந்த வசதி எதுவும் கிடைக்காதென்றாலும் இதே செலவையும் தொல்லையையும் இந்த உயிருக்காக ஏற்போமா? ஏற்போம் என்றால் அது அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட உயிரைப் பேணுதல். இல்லையென்றால் நாற்காலியின் காலைச் சீவி மட்டம் பார்ப்பது போன்றதே.

கத்தியிலும் இடர் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வொன்றில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட எட்டாயிரத்துக்கு மேற்பட்ட முயல்களில் நூற்றுக்கு 1.39 இறந்தன. நலமாக இருந்தவற்றை மட்டும் எடுத்தால் 0.73. நாய்களில் 0.17, பூனைகளில் 0.24 என்றிருக்க, முயல் எவ்வளவு மெல்லிய உயிர் என்பது புலனாகும். ஆயிரம் நலமான முயல்களைப் படுக்கவைத்தால் ஏழு எழுந்திரா. அந்த ஏழில் ஒன்று நம் முயலாக இருந்தால், நோயால் இறக்கவில்லை, நம் முடிவால் இறந்தது என்றாகும். நம் கையால் நேர்ந்த சாவும், நாம் கையைக் கட்டியிருந்ததால் நேர்ந்த சாவும் மனத்தில் ஒரே எடையில் அமர்வதில்லை. எனினும், மனத்தில் குறைவாகக் கனக்கிறது என்பதற்காக, ஓராண்டு இரத்தம் ஒழுகி மெலிந்து நுரையீரல் அடைத்து வரும் சாவைத் தேர்ந்தெடுப்பது, முயலின் நன்மையையன்றி நம் மன அமைதியைத் தேடுவதேயாகும். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால், ஆறு மாதம் கடந்து இரண்டு வயதுக்குள்ளாகச் செய்துவிடுவது தக்கது என்று நாம் கருதுகிறோம். அத்தகைய மருத்துவர் இல்லாத ஊரில் அவ்வாறு கூற மாட்டோம். நாய்க்கும் மாட்டுக்கும் பழகிய கையில் முயலை ஒப்படைத்தால் மேற்சொன்ன எண்கள் செல்லா.

குட்டி முயலைக் குழந்தையின் கையில் கொடுத்து விற்பவர்கள் இவற்றில் எதையும் சொல்வதில்லை. இறைச்சிக்கும் மயிருக்கும் முயல் வளர்ப்போர் இந்நோயைப் பெரும்பாலும் காண்பதே இல்லை. ஈனும் திறன் குறைந்ததும் சில ஆண்டுகளிலேயே அவற்றின் கணக்கு முடிந்துவிடுகிறது. அன்போடு நெடுநாள் வளர்ப்பவர் வீட்டில்தான் இது வருகிறது.

எஞ்சியிருப்பது, வயது கடந்த முயலின் நிலை. ஆறு, ஏழு வயதான பெண் முயல், சிகிச்சை செய்யப்படவில்லை, மயக்க மருந்தின் இடரும் இப்போது கூடியிருக்கிறது. அதனைப் பார்த்துக்கொண்டிருப்பதே வழி. முயலின் சிறுநீர் தழைகளின் நிறப்பொருளால் தானாகவே சிவந்திருப்பதுண்டு, சிவப்பெல்லாம் இரத்தமன்று. ஆனால் வெளுத்த சிறுநீரின் முடிவில் இரத்தத் துளியோ கட்டியோ தனித்து விழுந்தால், அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவர் முதலில் நுரையீரலை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். அங்கு நிழல் இல்லையென்றால் கருப்பையை அகற்றிப் பிழைத்த முயல்கள் உண்டு. நிழல் படர்ந்திருந்தால் அறுவைக்கு வேலையில்லை. வலி தணிக்கும் மருந்தும், மெத்தென்ற வைக்கோலும், மூச்சு முட்டும் நாளில் அதனைத் துன்பமின்றி உறங்கவைக்கும் முடிவுமே அந்த வீட்டாரிடம் எஞ்சியிருக்கும்.